ஊசிப்பாறைக்கு நடந்து வந்த போத்தல்கள்

ஊசிப்பாறைத் தோட்டத்துப் பிள்ளைகளின் சிறுநீர் அடைத்த பன்னிரண்டு போத்தல்கள், 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் பதுளையிலிருந்து புறப்பட்டு, நாற்பத்தைந்து கிலோமீற்றர் மலைப்பாதையை நடந்தே கடந்து, வெள்ளிக்கிழமை காலையில் தோட்டம் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு போத்தலிலும் ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் அவை அந்தந்தப் பெயருக்குரிய வீடுகளுக்குப் போகவில்லை. பன்னிரண்டும் மேட்டு லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி வீட்டுக்குப் போய், கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமியின் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், வரிசையாக நின்றுகொண்டன. அவளுடைய ஒரே மகள் துஷாந்தியின் பெயர் அவற்றில் ஒன்றில்கூட இல்லை. இப்படியும் நடக்குமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை ஊசிப்பாறையில் யாருக்கும் கிடையாது. போத்தல்கள் எந்த வழியாக வந்தன, எங்கே இளைப்பாறின என்று கேட்டால் மட்டும் நேரம் போவது தெரியாமல் சொல்வார்கள்.

போத்தல்கள் முதலில் பதுளைக்குப் போன கதை இது. அந்த வருஷம் மலைத்தோட்டங்களின் உச்சியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சிறுநீரக நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சிறியதொரு குழு புறப்பட்டது. அதன் தலைவி துவாரகா என்ற இளம் டாக்டர். பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தங்கராஜாவின் மகள். கடைக்குப் பக்கத்து வீட்டில் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று சிறுநீரகம் கெட்டு இறந்தபோது துவாரகாவுக்கும் பதினொரு வயது. அதனால்தான் டாக்டரானேன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தங்கராஜாதான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவுக்குப் போத்தல் பற்றாமல் போனதும், தேன் அடைக்க வாங்கி வைத்திருந்த சிவப்பு மூடிப் போத்தல்களை ஒரு பெட்டி நிறைய அவரே கொடுத்தனுப்பினார். இந்த நோயில் உள்ள வில்லங்கம், அது சத்தம் போடாது. பிள்ளை மெலியும், களைக்கும், வயதுக்கேற்ற வளர்த்தி இருக்காது. தோட்டத்தில் எந்தப் பிள்ளைதான் மெலியாமல், களைக்காமல், கிடுகிடுவென்று வளர்ந்து நிற்கிறது? ஆகவே கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் ஒரு காகிதத் துண்டை நனைக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் உள்ளே ஏதோ பழுது.

பூனாகலைக்கு மேலே, மேகம் பாதிநாள் வாசலிலேயே நிற்கிற உயரத்தில் இருப்பது ஊசிப்பாறையின் மேல்கணக்கு. தோட்டத்தின் மேல்பிரிவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பாடசாலை ஒன்று, பிள்ளைகள் நாற்பத்தொரு பேர், கழிப்பறை ஒன்று. அதற்குக் கதவு பாதி. திங்கட்கிழமை விடியற்காலை ஆறரைக்கு, குழு வாடகைக்கு எடுத்திருந்த ஹாஷிமின் வேனில் டாக்டர் வந்து இறங்கி, ஆளுக்கொரு போத்தலைக் கொடுத்தாள். ஏழு மணிக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரம். அதற்குள் தாய்மார் அங்கே நிற்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். குளிரிலும் வெட்கத்திலும் சில பிள்ளைகளுக்கு வருவேனா என்றது. அழகையாவின் மகன் ஜீவன் போத்தலைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றுவிட்டு அழ ஆரம்பித்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேருக்கு அழுகை வந்தது, வரவேண்டியது வரவில்லை.

டாக்டர் வகுப்பறையில் பெயர் பதிந்துகொண்டிருந்தபோது, கழிப்பறைப் பக்கம் பெரியாயி தலையிட்டாள். இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள், மேல்கணக்குப் பெண்களுக்கு அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பெண்களுக்குள் பழைய வழக்கம் ஒன்று உண்டு. நிறுவைக்குப் போகும்போது ஒருத்திக்குக் கொழுந்து குறைந்தால், காய்ச்சல்காரியோ பிள்ளை பெற்று எழுந்தவளோ யாராக இருந்தாலும், மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டு விடுவார்கள். அவளுக்கும் முழுப்பேர் விழும். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம். கங்காணி வீரய்யா அந்த நேரம் பார்த்து மலையின் அழகை ரசிக்கத் திரும்பிக்கொள்வார். இருபத்தெட்டு வருஷம் இதைச் செய்த கைக்கு, காலிப் போத்தலைப் பார்த்தால் சும்மா இருக்க வருமா?

"வெறும் போத்தலக் குடுத்தா மேல்கணக்குக்கே மானக்கேடுடி," என்றாள் பெரியாயி. "அந்தா துஷாந்தி இருக்காள்ல, அவளுக்குப் பஞ்சமே கெடையாது. வாங்கி ஊத்துங்க, பெரட்டுக்கு நேரமாவுது."

துஷாந்திக்கு உண்மையிலேயே பஞ்சம் கிடையாது. ஒன்பது வயது, பார்த்தால் ஆறு சொல்லலாம். தண்ணீர் விழும் பீலியில் வாய் வைத்தால் எடுக்கமாட்டாள். வகுப்பில் ஒரு பாடத்துக்கு ஒரு தடவை வெளியே போவாள். அன்று அவள் தாராளமாகக் கொடுத்தாள். முதலில் ஜீவனுக்கு, பிறகு அவனைப் பார்த்து அழுதவர்களுக்கு, பிறகு வரிசையில் நின்ற யார் யாருக்கோ, எல்லாமாகப் பன்னிரண்டு பேருக்கு. மகள் இத்தனை பேருக்கு உதவுவதைப் பார்த்து விஜயலெட்சுமிக்குப் பெருமையாகவே இருந்தது. கடைசியில் துஷாந்தியின் போத்தலை நிரப்பவேண்டிய நேரம் வந்தபோது, அவளிடமே ஒன்றும் மிச்சமில்லை. பெரியாயியின் சின்ன மகள் தன்னுடையதில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். நாற்பத்தொரு போத்தலும் நிறைந்தன. தாய்மார் ஓடிப்போய்ப் பெரட்டைப் பிடித்தார்கள், எல்லாருக்கும் முழுப்பேர் விழுந்தது.

பதுளையில் அன்று மாலையே காகிதத் துண்டுகள் நனைக்கப்பட்டன. பன்னிரண்டு பச்சை. துவாரகா மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தால் ஒருவருக்கோ இருவருக்கோ வரக்கூடியது, ஒரே லயத்தில் பன்னிரண்டு பேருக்கா? அடுத்த திங்கட்கிழமை திரும்பப் போய், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு பேரை மட்டும் அழைத்து, ஒவ்வொருவராகத் தன் கண் முன்னால் தண்ணீர் குடிக்கவைத்துக் காத்திருந்து வாங்கினாள். பன்னிரண்டும் மஞ்சள். ஏதோ கோளாறு நடந்திருக்கிறது என்று புரிந்தது, என்னவென்று புரியவில்லை. பெரியாயியைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

"பெரியாயியக்கா, போன தடவ குடுத்தது எல்லாம் பிள்ளைங்களோடதுதானே? வேற எதுவும் கலக்கலையே?"

"ஐயையோ, அதுல என்னாத்தங்க டாக்டரம்மா கலக்கப் போறோம்? எல்லாம் எங்க புள்ளைங்களோடதுதாங்க," என்றாள் பெரியாயி.

அவள் பொய் சொல்லவில்லை. கூடையில் ஒரு பிடி போடுவதை ஊசிப்பாறையில் யாரும் கலப்படம் என்று சொன்னதில்லை. பதுளைக்குத் திரும்பியதும் துவாரகாவுக்கு மேலே இருந்த அதிகாரி, காகிதத் துண்டுகள் ஈரத்தில் பழுதாகியிருக்கும், அந்தக் கணக்கை மூடிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகலாம் என்றார். மறுபடி ஊசிப்பாறையின் முறை வர மூன்று வருஷமாகும். துவாரகா வாக்குவாதம் செய்தாள். அத்தனை பச்சையும் ஈரத்தால் வராது, போத்தல்கள் எப்படியோ மாறியிருக்கின்றன, அந்த நாற்பத்தொரு பிள்ளைகளில் ஒன்றின் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, மூன்று வருஷம் அது தாங்காமல் போகலாம், எந்தப் பிள்ளை என்றுதான் தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் வேன் ஒன்று, தோட்டம் நூறு. கைவிரித்துவிட்டார். நாற்பத்தொரு பிள்ளைகளையும் முதலிலிருந்து பார்க்க ஒரே ஒரு நாள் தாருங்கள் என்று கெஞ்சியும் கிடைக்கவில்லை. பச்சை காட்டிய பன்னிரண்டு போத்தல்களைக் கொட்டிவிட மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. குளிர்ப்பெட்டியில் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அவை புறப்பட்டன. வாசலில் இருந்த காவலாளி முன்ஸிப், குளிர்ப்பெட்டிக் கதவு உள்ளிருந்து திறந்ததையும், போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்து இறங்கியதையும் பார்த்தார். வெளியே போகும் எதையும் பதியவேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. 'போத்தல் 12, வெளியே, 9.20' என்று எழுதினார். எடுத்துச் செல்பவர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். மின்சாரம் வீணாகுமே என்று குளிர்ப்பெட்டியையும் சாத்தினார். கடைவீதி வழியாகப் போகும்போது போத்தல்கள் தங்கராஜாவின் கடை முன்னால் சற்று நின்றதாகச் சொல்வார்கள். தங்கராஜா தம்முடைய சிவப்பு மூடிகளை அடையாளம் கண்டு, வாடிக்கையாளரை விலகச் சொல்லி வழிவிட்டாராம்.

அவை நடந்த விதத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. மூடி மேலே, அடிப்பாகம் கீழே, நிமிர்ந்தபடி, தெருவின் இடதுபக்க ஓரமாக, கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போயின. முதல் நாள் இருட்டுமுன் ஹாலிஎல தாண்டின. இரண்டாம் நாள் தெமோதரையில் ரயில் வரக் காத்து நின்று, அது போனபின் கடந்தன. ஹாஷிம் அந்த வழியாக வேனில் வந்தவர் அவற்றைப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், உங்கட போத்தல் எல்லாம் ரோட்டு ஓரமா மேல போகுது. ஏத்திக்கொண்டு வருவமெண்டு கதவத் தெறந்தா ஏறுதில்ல. நல்ல மாதிரிச் சொல்லியும் பார்த்தன்."

"தொடாதீங்க ஹாஷிம் நானா," என்றாள் துவாரகா. "பின்னாலேயே போங்க. எந்த வீட்டுக்குப் போகுதுன்னு மட்டும் பாருங்க."

அதன்பின் மிச்ச வழி முழுவதும் ஹாஷிம் விளக்கை மினுக்கவிட்டபடி போத்தல்களுக்குப் பின்னால் ஊர்ந்தார். பண்டாரவளையில் மழை பிடித்துக்கொண்டபோது அவை ஒரு புடவைக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றன. கடைக்காரர் ஹாஷிமுக்கு மட்டும் தேநீர் கொடுத்தார். பூனாகலை ஏற்றத்தில் அவற்றின் வேகம் குறைந்தது. வெள்ளிக்கிழமை காலை பெண்கள் பெரட்டுக் களத்திலிருந்து மலைக்குப் பிரிந்துகொண்டிருந்தபோது, பன்னிரண்டும் லயத்து வாசலை அடைந்தன.

முதலில் எல்லாரும் நினைத்தது, பாவம், வழி தெரியாமல் வீடு மாறி வந்துவிட்டன என்றுதான். அழகையா வந்து 'ஜீவன்' என்று எழுதியிருந்ததை எடுத்துப்போய்த் தன் வீட்டு அடுப்படியில் வைத்தார். தேநீர் கொதிப்பதற்குள் அது விஜயலெட்சுமியின் இஸ்தோப்புக்குத் திரும்பிவிட்டது. மற்றப் பெற்றோரும் தங்கள் தங்கள் பிள்ளையின் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எல்லாம் திரும்பின. மூன்று தடவை இப்படி நடந்தது. மூன்றாம் தடவை துஷாந்தி பாடசாலைக்குப் போக வெளியே வந்தாள். பன்னிரண்டு போத்தலும் அவள் பக்கமாகத் திரும்பி, அவள் கால்களைச் சுற்றி நெருக்கியடித்து நின்றுவிட்டன. பெரியாயி அதைப் பார்த்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"விஜயா," என்றாள். "அது இவளத் தேடி வந்திருக்குடி. அன்னிக்கி நாமதானே இவகிட்ட வாங்கி எல்லாத்துக்கும் ஊத்தினோம்."

"எம் புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு காயிதத்துல போட்டுக் குடுத்திருக்காங்கக்கா!"

"அது ஒம் புள்ளையோடது இல்லடி. அதுல இருந்தது எங்க சின்னவளோடது. நான்தான் ஊத்தச் சொன்னேன்."

விஜயலெட்சுமி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை விவரிக்க வேண்டியதில்லை, தாய்மாருக்குத் தெரியும். அழகையா தலையைச் சொறிந்தார். கங்காணி வீரய்யா அன்று மட்டும் மலையின் அழகைப் பார்க்கவில்லை. வேனிலிருந்து இறங்கிய ஹாஷிம், யாரும் சொல்லாமலே பின் கதவைத் திறந்துவைத்தார். விஜயலெட்சுமியும் துஷாந்தியும் ஏறினார்கள், கூடவே பெரியாயியும் ஏறினாள், வேண்டாம் என்றவர்களை அவள் கேட்கவில்லை. இந்தத் தடவை போத்தல்களும் தாமாகவே ஏறிக்கொண்டன.

பதுளையில் துஷாந்தி தன் சொந்தப் போத்தலை முதல்முறையாக நிரப்பினாள். காகிதத் துண்டு பச்சையானது. பிறகு வயிற்றைப் படம் பிடித்தார்கள். அவளுக்கு இருந்த இரண்டு சிறுநீரகங்களில் ஒன்று அவரை விதையளவுக்கு மேல் வளரவே இல்லை. மற்றது இரண்டு பேர் வேலையைத் தனியே செய்து செய்து தழும்பேறிக் களைத்திருந்தது. அது இன்னும் விட்டுவிடவில்லை, இப்போதே மருந்து தொடங்கினால் காப்பாற்றலாம், மூன்று வருஷம் கழித்து வந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று துவாரகா ஒளிக்காமல் சொன்னாள். பிள்ளை தண்ணீரைத் தேடியதும், அடிக்கடி போனதும், பாயை நனைத்ததும், வளராததும் எல்லாமே இதனால்தான். விஜயலெட்சுமி அதுவரை அழாமல் இருந்தவள், பாய் என்ற சொல்லைக் கேட்டதும் உடைந்துவிட்டாள்.

"தண்ணிய கொறச்சுக் குடின்னு சொல்லிச் சொல்லி இவள அடிச்சிருக்கேன் டாக்டரம்மா. பாய நனைக்கிறான்னு மழையில வெளிய நிறுத்தியிருக்கேன்."

"அவ உங்க பேச்சக் கேக்கலையே, அது நல்லதாப் போச்சு," என்றாள் துவாரகா. "குடிச்சதுதான் அவளக் காப்பாத்தியிருக்கு. இனிமே கேட்டப்போ எல்லாம் குடுங்க."

துஷாந்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் அழுது முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்: "அன்னிக்கி நான் எல்லாத்துக்கும் குடுத்தது தப்பா டாக்டரம்மா?"

"குடுத்தது தப்பில்லடா. ஒனக்குன்னு ஒண்ணு வச்சிக்காமப் போனதுதான் தப்பு."

பக்கத்தில் நின்ற பெரியாயிக்கு அது தனக்கே சொன்ன மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவளைப் பார்த்து இப்படி யாரும் சொன்னதில்லை. தோட்டத்துக்குத் திரும்பியதும் அவள் வீரய்யாவிடம் போய், அடுத்த தடவை டாக்டரம்மா வரும் நாளில் பெரட்டு எட்டு மணிக்குத்தான், பிள்ளைகள் ஆற அமரப் போகட்டும் என்று அறிவித்தாள். கேட்கவில்லை, அறிவித்தாள். வீரய்யா சரி என்றார். கழிப்பறைக்கு முழுக்கதவு போட்டார்கள், அழகையாதான் பலகை அறுத்தார். பதுளை அதிகாரி முன்ஸிப்பின் பதிவேட்டை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மூடிய கணக்கைத் தாமே திறந்தார். நாற்பத்தொரு பிள்ளைகளும் மறுபடி பரிசோதிக்கப்பட்டார்கள். துஷாந்தியைத் தவிர எல்லாருக்கும் மஞ்சள். கொழுந்துக் கூடையில் ஒரு பிடி போடும் வழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துஷாந்தி பதுளைக்குப் போகிறாள். காலை ரொட்டியோடு ஒரு மாத்திரை, படுக்கும் முன் ஒன்று. பெரிய சிறுநீரகம் அதற்குமேல் கெடவில்லை, சின்னது அவரை விதையாகவே இருக்கிறது. அவள் முதல் வருஷம் இரண்டு அங்குலம் வளர்ந்தாள், அடுத்த வருஷம் மூன்று. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவள் தகப்பன் தீபாவளிக்கு வாங்கிவந்த சட்டை கையில் ஏறாமல் போனபோது, விஜயலெட்சுமி அந்தச் சட்டையை லயம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். புதுச்சட்டை பாழாய்ப் போனதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட தாயை மேல்கணக்கு அதற்கு முன் பார்த்ததில்லை.

போத்தல் வருவதும் நிற்கவில்லை. துஷாந்தி பதுளையில் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் அது வீடு தேடி வந்துவிடும். பண்டாரவளை பஸ் சாரதிகளுக்குப் பழகிவிட்டது, கண்டால் ஹோர்ன் அடிக்காமல் விலகிப் போவார்கள். போகிற வருகிறவர்கள் கண்ணில் படுகிறதே, பிள்ளைக்குக் கூச்சமாக இருக்குமே என்று துவாரகா ஒருமுறை, வேண்டுமானால் பரிசோதனை முடிந்ததும் கொட்டிவிட்டுப் போத்தலைக் கழுவி வைத்துவிடுகிறேன் என்றாள். துஷாந்தி தோளைக் குலுக்கினாள். விஜயலெட்சுமிதான் யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அந்த மாதம் பார்த்துப் போத்தல் மூன்றாம் நாள் வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. துஷாந்தி கண் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், இருந்தும் விஜயலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் வேலைக்குப் போகாமல் பூனாகலை வீதியில் இறங்கி நடந்து, மதகு மதகாகக் குனிந்து தேடினாள். நாலாவது மைலில், மண் சரிந்து அடைத்த ஒரு வடிகால் கானுக்குள் போத்தல் விழுந்து கிடந்தது. ஏறமுடியாமல் சறுக்கிச் சறுக்கி, மறுபடி ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துக் கைலேஞ்சியில், தன் கைக்குட்டையில், சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு ஏற்றம் ஏறினாள். வழியில் பெரியாயி பார்த்துவிட்டு, இதுக்குப் போயா இப்படி ஓடிவந்த, அதத்தான் கொட்டிடுறேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே என்றாள்.

"கொட்ட வேணாம்னு சொல்லிடப் போறேன்க்கா," என்றாள் விஜயலெட்சுமி. "ஆளு இருக்கிற வீட்டுக்குத்தானே அது தேடி வருது. வந்துக்கிட்டே இருக்கட்டும்."

துஷாந்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஹாஷிமின் வேனில் தினமும் அப்புத்தளைக்குப் போய்ப் படிக்கிறாள். போன மாதத்துப் போத்தல் வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி கழித்து, நல்ல மழையில் வந்தது. பிள்ளை இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. விஜயலெட்சுமி அதைத் துடைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அடுப்பில் இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.